மாடல் எண் எங்கே? கணினி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'எது நல்லது?' என்ற ஒரே கேள்விதான். என்ன வேலைக்கு என்று எழுதியவர்கள் சொற்பம். கையிலிருக்கும் கணினியின் முழு மாடல் எண்ணை எழுதியவர்கள் அதைவிடச் சொற்பம். ஊகிக்க முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் மறுபடி எழுதட்டும், முழுதாக.

*மகள் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்கிறாள். 60,000 ரூபாய் வைத்திருக்கிறேன். மேக் மினி வாங்கலாமா, தருமபுரியிலேயே அசெம்பிள் செய்து வாங்கலாமா?*
(அரூர் வாசகர்)

எந்தப் பிரிவு என்று ஒரு சொல் எழுதியிருந்தால் நான்கு வரியில் முடித்திருப்பேன். மெக்கானிக்கல் அல்லது சிவில் என்றால் யோசிக்கவே வேண்டாம், விண்டோஸ்தான். சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, ரெவிட் என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் மூன்றுக்கும் மேக் பதிப்பு கிடையாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் ஆப்பிளின் சிறிய டெஸ்க்டாப் பெட்டியான மேக் மினியைப் பரிசீலிக்கலாம். எம்4 சிப் உள்ள மேக் மினி 2024 இறுதியில் வந்தபோது விலை சுமார் 60,000 ரூபாய், மாணவர்களுக்குச் சுமார் 50,000. 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஒற்றைக் கோர் (பிராசசருக்குள் தனியாகக் கணக்கிடும் ஒரு பகுதி) வேகத்தில் அதைவிட விலை கூடிய பல பெட்டிகள் அதன் பின்னால்தான் நிற்கும். புரோகிராம் கம்பைல் செய்வதற்கு, அதாவது எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவதற்கு, அந்த வேகம் நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் அந்த விலைக்கு வருவது பெட்டி மட்டும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தனி. யூபிஎஸ் தனி. 512 ஜிபி வேண்டும் என்றால் அப்போது இன்னும் 20,000. 24 ஜிபி ரேம் வேண்டும் என்றால் அதற்கு வேறொரு 20,000. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சும் இல்லை. ரேம் சிப்போடு ஒட்டியே வருகிறது. இடத்துக்கு மட்டும் வழி உண்டு: வெளியே செருகும் எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி வீடியோக்களையும் பழைய பாடங்களையும் அதில் வைத்துவிட்டால் 256 ஜிபியிலேயே காலம் தள்ளலாம்.

அசெம்பிள் செய்தால் அதே 60,000 ரூபாய்க்குள் மானிட்டரோடு ஆறு கோர் பிராசசர் உள்ள நல்ல கணினி அமையும். ரேம் விலை ஏறியிருக்கும் காலத்தில் 16 ஜிபியோடு நிறுத்திக்கொண்டு, ஒரு ரேம் ஸ்லாட்டைக் காலியாக விடச் சொல்லுங்கள். விண்டோஸ் உரிமத்துக்கும் பணம் ஒதுக்குங்கள். கடைக்காரர் இலவசமாகப் போட்டுத் தரும் விண்டோஸ் வேண்டாம். ஜிஎஸ்டி பில் இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம்.

பிரிவு தெரியாமல் என் தீர்ப்பைக் கேட்டால்: அசெம்பிள் செய்த கணினி.

*எங்கள் மாங்கூழ் ஆலைக் கணக்குப் பிரிவுக்கு மேக் வாங்க முதலாளி விரும்புகிறார். டேலி ஓடுமா?*
(கிருஷ்ணகிரி வாசகர்)

டேலி பிரைம் விண்டோஸுக்கான மென்பொருள். மேக்குக்குள் விண்டோஸை ஓட்டி அதற்குள் டேலியை ஓட்டுவதெல்லாம் காசைக் கொடுத்துத் தலைவலியை வாங்கும் வேலை. முதலாளியின் மேசையில் அழகுக்கு ஒன்று இருக்கட்டும், கணக்குப் பிரிவுக்கு வேண்டாம்.

*ஐ7 கணினி, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, 14,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். ஆண்ட்ராய்டு செயலி எழுதக் கற்றுக்கொள்கிறேன். வாங்கலாமா? கடைக்காரர் கொடுத்த சீட்டை இணைத்திருக்கிறேன்.*
(காவேரிப்பட்டணம் வாசகர்)

தம்பி, வாங்காதீர்கள். சீட்டை அனுப்பினீர்களே, அதற்கு நன்றி. அதில் பால்பாயின்ட் பேனாவால் 'ஐ7' என்று கொட்டை எழுத்தில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் வர வேண்டிய எண் இல்லை. மதர்போர்டின் பெயர் இல்லை. மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி என்று இல்லை. ஆனால் 'கேமிங் கேபினெட், ஆர்ஜிபி லைட்' என்று மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

'ஐ7' என்பது மாடல் எண்ணே அல்ல. அது ஒரு வரிசையின் பெயர். அதற்குப் பின்னால் வரும் எண்தான் விஷயம். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012. ஐ3 வரிசையில் 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022. இந்த விலைக்கு உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் 2600 அல்லது 3770. அலுவலகங்கள் கழித்துக் கட்டிய பிராசசரை, அந்தத் தலைமுறைகளுக்கான எச்61 வகைப் புதிய போர்டில் பொருத்தி, புதுக் கேபினெட்டில் அடைத்து, விளக்குப் போட்டு விற்கிறார்கள். பழுது என்று என்னிடம் வரும் பெட்டிகளில் இந்த ரகம்தான் அதிகம். ஊத்தங்கரையிலிருந்தும் வருகிறது, பாலக்கோட்டிலிருந்தும் வருகிறது. வாங்கியவர் எல்லோரும் 'ஐ7 சார்' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஒப்பிட்டுப் பாருங்கள். ஐ7-2600இல் நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகள்). ஐ3-12100இலும் நான்கு கோர், எட்டு திரெட். கோருக்குக் கோர் வேகத்தில் பின்னது ஏறக்குறைய இரண்டு மடங்கு. மின்சாரத்தில் முன்னது 95 வாட் ரகம், பின்னது 60. அதாவது ஐ3 என்று நீங்கள் முகம் சுளிக்கும் பெட்டி அந்த ஐ7ஐ ஓரங்கட்டிவிடும்.

இத்தோடு முடியவில்லை. அந்த எச்61 போர்டு எடுப்பது டிடிஆர்3 என்ற பழைய ரக ரேம். 16 ஜிபியே அதன் உச்சவரம்பு, ஆகவே இனி ஏற்ற வழியில்லை. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி அந்தப் பிராசசர்களில் இல்லை. அதை எதிர்பார்க்கும் மென்பொருள்கள் பெருகிவருகின்றன. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல்லும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும். இரண்டும் இங்கே கிடையாது. நீங்கள் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து எமுலேட்டரையும் (கணினிக்குள் ஓடும் போலிப் போன்) ஓடவிட்டால், அது எழுந்து நிற்பதற்குள் எழுத வந்த வரி மறந்துபோகும்.

எந்தக் கடையிலும் இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். கணினியை ஓடவிடச் சொல்லி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தொட்டால் வலது மேல்மூலையில் பிராசசரின் முழுப் பெயர் எண்ணோடு நிற்கும். அந்தப் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் பெயர்களையும்தான். எழுத மாட்டேன் என்றால் அந்தக் கடையில் உங்களுக்கு வேலை இல்லை.

14,500தான் கையில் உண்டு என்றால், பெரிய நிறுவனத் தயாரிப்பில் எட்டாம் தலைமுறை ஐ5 அல்லது ஐ3 உள்ள பழைய அலுவலகக் கணினியைத் தேடுங்கள். விளக்கு எரியாது, வேலை நடக்கும்.

*பைத்தானுக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றில் எது சிறந்தது?*
(பர்கூர் வாசகர்)

மூன்றிலும் ஓடும். நிரல் எழுத உதவும் விஎஸ் கோடும் மூன்றிலும் இலவசம். எழுத ஆரம்பியுங்கள்.

*ஐபோன் செயலி எழுத வேண்டும். என்னிடம் விண்டோஸ் கணினி இருக்கிறது. மேக் இல்லாமல் வழி உண்டா? இன்டெல் ஐமேக் ஒன்று பெங்களூரில் மலிவாக வருகிறது.*
(ஓசூர் வாசகர்)

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே நிரலை எழுத உதவும் ஃபிளட்டரில் எழுதினால் நிரலின் பெரும்பகுதியை விண்டோஸிலேயே முடிக்கலாம். ஆனால் ஐபோனுக்காகக் கடைசியில் அதைக் கட்டுவதற்கு ஆப்பிளின் எக்ஸ்கோடு என்ற மென்பொருள் வேண்டும், எக்ஸ்கோடு மேக்கில் மட்டும்தான் ஓடும். வாடகை மேக்கை இணையம் வழியே பயன்படுத்துபவர்கள் உண்டு. மாதக்கணக்கில் கட்டினால் கட்டுப்படியாகாது.

அந்த இன்டெல் ஐமேக்கைத் தொடாதீர்கள். இன்டெல் பிராசசர் உள்ள பழைய மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசி என்று ஆப்பிள் 2025 ஜூனிலேயே சொல்லிவிட்டது. புதிய எக்ஸ்கோடு புதிய மேக்ஓஎஸ்ஸைக் கேட்கும், ஆப் ஸ்டோர் புதிய எக்ஸ்கோடைக் கேட்கும். இந்தச் சங்கிலியில் உங்கள் ஐமேக் அறுந்துபோகும். பழையதுதான் வாங்க முடியும் என்றால் 2020இல் வந்த, ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 உள்ள மேக் மினியிலிருந்து மேலே பாருங்கள், 16 ஜிபி உள்ளதாக. பெங்களூர் பக்கம்தானே என்று பில் இல்லாமல் தூக்கி வந்துவிடாதீர்கள். பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு அதில் பூட்டிக் கிடந்தால் அது வெறும் அலுமினியப் பெட்டி.

செலவுக் கணக்கில் இன்னொன்றையும் சேருங்கள். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். கூகுள் பிளேவுக்கு ஒரே ஒருமுறை 25 டாலர்.

*விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டதாமே. என் ஐ5 கணினியைத் தூக்கிப் போட வேண்டுமா?*
(பாலக்கோடு வாசகர்)

எந்த ஐ5? மேலே காவேரிப்பட்டணத்துக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஆறாம், ஏழாம் தலைமுறை என்று வைத்துக்கொள்கிறேன். ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நின்றது. வீட்டுக் கணினிகளுக்கு நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் மேலும் ஓராண்டு ஓடும். தூக்கிப் போட வேண்டியதில்லை. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். பிரவுசர், லிப்ரே ஆஃபிஸ், தமிழ் 99 தட்டச்சு எல்லாம் கிடைக்கும். தடையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ ஏற்றும் வித்தைகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

*எங்கள் வகுப்பில் டர்போ சி++தான். மேக்கில் அது ஓடுமா?*
(தருமபுரி மாணவர்)

பழைய டாஸ் கணினிபோல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் வழியாக ஓடும். ஓட்டி என்ன ஆகப்போகிறது? டர்போ சி++ 3.0 வந்தது 1990களின் தொடக்கத்தில், 16 பிட் டாஸுக்காக. அதில் இன்ட் என்ற முழு எண் வகை இரண்டு பைட். இன்றைய கம்பைலர்களில் நான்கு. சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்ததே 1998இல்தான். செய்முறைத் தேர்வுக்கு மட்டும் டாஸ்பாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி, லினக்ஸில் ஜிசிசி, மேக்கில் கிளாங், எல்லாம் இலவசம். மேக்கின் டெர்மினலில் ஜிசிசி என்று தட்டினாலும் உள்ளே ஓடுவது கிளாங்தான், குழம்ப வேண்டாம்.

*இயந்திரக் கற்றல் படிக்கிறேன். என்விடியா கார்டா, 24 ஜிபி மேக்கா?*
(பென்னாகரம் வாசகர்)

பாடங்களும் நூலகங்களும் பெரும்பாலும், கிராஃபிக்ஸ் கார்டில் கணக்கு ஓட்டும் குடா என்ற மென்பொருளை நம்பி எழுதப்பட்டவை. குடா என்விடியாவில் மட்டும். ஆகவே 12 ஜிபி நினைவகம் உள்ள என்விடியா கார்டு. ஆயத்த மொழி மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் பிராசசரும் கிராஃபிக்ஸும் பங்கிட்டுக்கொள்ளும் மேக்கின் பொது நினைவகம் வசதி. மின்சாரமும் மிச்சம், சும்மா இருக்கும்போது மேக் மினி நான்கைந்து வாட்டுக்கு மேல் எடுக்காது. இரண்டையும் வாங்கும் முன் இணையத்திலேயே நிரலை ஓட்டவிடும் கூகுள் கோலாபில் இலவசமாக மூன்று மாதம் படியுங்கள். கார்டு வாங்கினால் 650 வாட்டுக்குக் குறையாத, பெயர் சொல்லக்கூடிய எஸ்எம்பிஎஸ். வீட்டு எர்த்திங்கை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

*டிடிபி மையம் வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கர், பழைய தமிழ் எழுத்துருக்கள். மேக்குக்கு மாறலாமா?*
(கிருஷ்ணகிரி வாசகர்)

பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 7.0, 2001இல் வந்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அதற்குத் தெரியாது. இன்றைய மேக்கிலும் அது ஓடாது. முதலில் யூனிகோடுக்கும், இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கும் மாறுங்கள், அது உங்கள் விண்டோஸ் கணினியிலேயே முடியும். பழைய கோப்புகளை மாற்றும் வேலை ஓய்ந்த பிறகு மேக் பற்றிக் கேட்டு எழுதுங்கள். அப்போது கணினியின் மாடல் எண்ணையும் சேர்த்து.