அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

கேள்வி: கோவை தடாகம் பள்ளத்தாக்கில் எங்கள் தோட்டம். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 69. தோட்டத்துச் சாளையில் இருவர் மட்டும்தான். போன மாதம் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஒற்றை யானை வந்து சமையலறைச் சுவரை இடித்து, அரிசி மூட்டையை வெளியே இழுத்துத் தின்றது. போகிற போக்கில் மோட்டார் அறையை ஒட்டிய கழிவறையின் தகரக் கதவையும் நெளித்துவிட்டது. அன்றிலிருந்து பயத்தில், பொழுது சாய்ந்தால் அம்மா தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ‘தோட்டத்தை விற்றுவிட்டு வாருங்கள், என் வீட்டில் மூன்று படுக்கையறை, மூன்று குளியலறை இருக்கிறது’ என்றால் அப்பா கேட்பதில்லை. இரவில் கம்பிவேலிக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்கச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, யானை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். முதலில் அந்தத் தண்ணீர்ச் சொம்புக்கு வருவோம்.

பயந்தவர்களுக்கு நாக்கு வறளும். எடுத்து எடுத்துத் தண்ணீர் குடிப்பார்கள். உங்கள் அம்மா குடிக்காமல் இருப்பது பயத்தால் மட்டுமல்ல, கணக்குப் போட்டு. ஆறு மணிக்கு ஒரு சொம்பு குடித்தால் பதினோரு மணிக்கு எழுந்தாக வேண்டும். எழுந்தால் வாசல் இறங்கி, இருட்டில் மோட்டார் அறை வரை நடக்க வேண்டும். அங்கே போய், சாத்த வராத தகரக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இதை உங்களிடம் எப்படிச் சொல்வார்? ‘தாகமில்லை சாமி’ என்றுதான் சொல்லியிருப்பார்.

யானை அந்தக் கதவை நெளிப்பதற்கு முன்பும் கழிவறை வெளியேதான் இருந்தது. உங்கள் வீட்டில் குளியலறை மூன்று என்று எண்ணி எழுதத் தெரிந்த கைக்கு, பெற்றவள் படுக்கும் அறையை ஒட்டி ஒன்று கட்டத் தோன்றவில்லையே! நாலடிக்கு ஆறடி இடம், ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், சில நாள் வேலை. இந்த வயதில் தண்ணீரைக் குறைத்தால் நீர்க்கடுப்பு வரும், தலைசுற்றும். யானை மறுபடி வராவிட்டாலும் அது வரும்.

இப்போது வேலி. நேரடியாகக் கொடுக்கும் 230 வோல்ட்டுக்கு யானையும் தெரியாது, மனிதரும் தெரியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் செத்த தாயைவிட்டு நகராமல் நின்றன. நிலத்துக்காரர் கைதானார். உங்கள் தோட்டத்தில் நள்ளிரவில் எழுந்து வெளியே நடப்பவர் யார் என்று யோசித்தீர்களா? பக்கத்துத் தோட்டக்காரர் யோசிக்க மாட்டார், அவருடைய அம்மா இல்லையே. விட்டுவிட்டுச் சுண்டும் சூரிய மின்வேலி வேறு. அது விரட்டுமே தவிரக் கொல்லாது. அதையும் வனத்துறையிடம் கேட்டு முறைப்படி போடுங்கள்.

யானை உங்கள் வீட்டைத் தேடி வரவில்லை, அரிசி வாசனையைத் தேடி வந்தது. மோப்பம் பிடித்துவிட்டால் சுவர் அதற்கு ஒரு பொருட்டில்லை. அரிசி, உப்பு, தவிடு, மாட்டுத் தீவனம் எதையும் மூட்டை மூட்டையாகச் சாளையில் அடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும், அதுவும் ஆள் படுக்கும் அறையில் வேண்டாம். பலா இருந்தால் பழுக்கும் முன்பே வெட்டி இறக்குங்கள். யானை வந்தால் பட்டாசு, டார்ச் என்று வெளியே இறங்கக் கூடாது. உள்ளேயே இருந்து வனச்சரக அலுவலகத்தை அழைக்க வேண்டும். அந்த எண் உங்கள் அப்பாவின் மொபைலில் இருக்கிறதா?

விற்பது அப்பாவின் விஷயம். நீங்கள் வெகுநாளாகச் சொல்லி நடக்காததை இப்போது யானையை வைத்துச் சாதிக்கப் பார்க்கிறீர்கள் என்பது என் சந்தேகம். தவறென்றால் மன்னியுங்கள். ஆனால் யானை வந்த பிறகு எத்தனை இரவுகள் அங்கே படுத்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பிள்ளை என்றால் சுவர் இடிந்த வீட்டில் பாய் விரித்துப் படுத்திருக்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரோடு போங்கள். கதவு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை அம்மாவிடமே கேளுங்கள்.