பச்சைத் தண்ணீரைப் பார்த்து மயில்துத்தம் தேடாதீர்கள்

கேள்வி: தேவிபட்டினம் பக்கத்தில் ஒரு ஏக்கர் உவர்நீர்க் குளம் வைத்திருக்கிறேன். ஆழம் ஒரு மீட்டர். பால் கெண்டைக் குஞ்சு 3,000 விட்டு ஐந்து மாதம் ஆகிறது, இப்போது சராசரி 300 கிராம் இருக்கும். தீனி தினம் 40 கிலோ, வாரம் ஒருமுறை சாணிக் கரைசலும் ஊற்றுகிறேன். ஒரு மாதமாகவே தண்ணீர் கடும் பச்சை. போன வாரம் மூன்று நாள் மூட்டமும் மழையுமாக இருந்தது. நான்காம் நாள் விடியற்காலை மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தது, 60 மீன் செத்து மிதந்தது. மருந்துக் கடையில் பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்கிறார்கள். சித்தப்பாவோ, "பூங்கோரை வந்த கடல் தண்ணியை ஏத்திட்டே" என்கிறார். கடைசியாகத் தண்ணீர் ஏற்றி இருபது நாள் ஆகிறது. தண்ணீரில் காற்றுக் கலக்கும் ஏரேட்டர் இல்லை, தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின் உண்டு. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: தம்பி, மயில்துத்தத்தை மட்டும் தொடாதீர்கள். வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், இதேபோலப் பச்சை பிடித்த ஒரு குளத்துக்கு நான்தான் மயில்துத்தம் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் தண்ணீர் தெளிந்தது, குளத்துக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் விடியலில் பாதி மீன் மல்லாந்து கிடந்தது. செத்த பாசி எங்கும் போய்விடவில்லை. அடியில் இறங்கி அழுகி, மிச்சமிருந்த ஆக்சிஜனையும் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவே எனக்குக் கூச்சம்.

சித்தப்பா சொல்வதையும் தள்ளிவிட முடியாது. பூங்கோரை என்று நம் கடற்கரையில் சொல்வது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. 2019-ல் பாம்பன், மண்டபம் பக்கம் மன்னார் வளைகுடாத் தண்ணீர் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதும், தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை அடிபட்டதும் இதனால்தான். ஆனால் உங்கள் குளத்தில் நடந்தது அது இல்லை. ஒரு மாதமாகவே பச்சை என்கிறீர்கள், தண்ணீர் ஏற்றி இருபது நாள்தான் ஆகிறது. ஏற்றுவதற்கு முன்பே பச்சை வந்துவிட்டதே. சந்தேகம் தீர ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பூங்கோரை என்றால் ரவையைவிடப் பொடியான ஜவ்வரிசி மணிபோல உருண்டை உருண்டையாகக் கண்ணுக்கே தெரியும். தண்ணீர் மொத்தமும் பச்சைச் சாயம் கரைத்தது போலிருந்தால் அது சாதாரணத் தாவர மிதவை, அதாவது தண்ணீரில் மிதக்கும் பொடிப் பாசி. அதற்குள் வெள்ளைப் புள்ளிகள் வெட்டி வெட்டி ஓடினால் அவை விலங்கு மிதவை, அந்தப் பாசியை மேயும் சின்னஞ்சிறு உயிர்கள். அவை இருப்பது நல்லதுதான். அதே டம்ளரை ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். உவர்நீரில் சேறு அதற்குள் அடியில் இறங்கிவிடும், பாசி இறங்காது. நிறத்துக்குக் காரணம் மண்ணா பாசியா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

பாசி இத்தனை எங்கிருந்து வந்தது என்றால், தினமும் நீங்கள் உரம் போடுகிறீர்கள். சாணியைச் சொல்லவில்லை, தீனியைச் சொல்கிறேன். உங்கள் தீனியில் புரதம் 28 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோவில் 11 கிலோ புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், அதாவது ஏறக்குறைய 1.8 கிலோ. அதில் கால் பங்குதான் மீன் உடம்பில் சேரும். மீதி 1.3 கிலோ கழிவாகவும் தின்னாத தீனியாகவும் தண்ணீருக்கே போகிறது. யூரியாக் கணக்கில் சொன்னால் தினம் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, மாதத்துக்கு இரண்டு மூட்டை. ஒரு ஏக்கர் நெல்லுக்கு மாதாமாதம் இரண்டு மூட்டை யூரியா யாராவது போடுவார்களா? அதன் மேல் சாணிக் கரைசல் வேறு.

உங்கள் குளத்தில் இருப்பதோ 2,900 மீன், 870 கிலோ. உடல் எடையில் 3 சதவீதம் என்றாலும் 26 கிலோ தீனி போதும். பால் கெண்டை பாசி மேயும் மீன், அதனால் அதற்கும் கீழே இறங்கலாம். சாணியை இன்றோடு நிறுத்துங்கள். குஞ்சு விடும் முன் குளம் தயாரிக்கும்போது அதற்கு வேலை உண்டு, இப்போது இல்லை.

மீன் ஏன் விடியலில் செத்தது, மதியம் ஏன் சாகவில்லை? வெயிலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவெல்லாம் அதுவே மீனோடு போட்டி போட்டுக் குடிக்கும். 30 டிகிரி சூட்டில் நல்ல தண்ணீரே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடித்துவைக்கும், கடல் தண்ணீர் ஆறு சொச்சம்தான். பச்சைக் குளத்தில் மதியம் 3 மணிக்கு அளந்தால் 12, 14 கூடக் காட்டும். அதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் பலர். பார்க்க வேண்டியது விடியற்காலை 4 மணி, 5 மணி அளவு. அது 3-க்குக் கீழே போனால் ஆபத்து. மூன்று நாள் மூட்டத்தில் பகல் வரவு குறைந்துபோனது, இரவுச் செலவு குறையவில்லை.

மழையும் ஒரு வேலை செய்திருக்கிறது. மழைத் தண்ணீர் லேசானது. உப்புத் தண்ணீர் மேல் போர்வைபோல மிதந்து, கீழே காற்றுப் படாமல் மூடிவிடும். இனிமேல் நல்ல மழை பெய்தால் மதகின் மேல் பலகையை மட்டும் எடுத்து அந்த மேல் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் இதற்கு ஆள் வேண்டும், ராத்திரி மழைக்கும் சேர்த்து. உப்பு குறைந்ததால் மீன் செத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பால் கெண்டை நல்ல தண்ணீரிலும் வாழும், கடல் தண்ணீரிலும் வாழும். உப்பு திடீரென மாறினால் மடிவது பாசிதான்.

இன்று ராத்திரியே செய்ய வேண்டியது: இன்ஜினைக் கரையில் வைத்துக் குளத்துத் தண்ணீரையே அடியிலிருந்து இழுத்து, சாய்த்துக் கட்டிய தகரத்தின் மேல் அடித்துச் சிதறவிட்டுத் திரும்பக் குளத்திலேயே விழ வையுங்கள். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி வெயில் வரும்வரை ஓடட்டும். டீசல் செலவைப் பார்க்காதீர்கள், 870 கிலோ மீன் தண்ணீரில் நிற்கிறது. இரண்டு நாள் தீனியே வேண்டாம், இந்தப் பருமனுள்ள மீன் தாங்கும். பிறகு 15 கிலோவில் தொடங்கி, காலை ஒன்பது மணிக்கு மேல் போடுங்கள். சாயங்காலத் தீனி கூடாது. காற்று ஒதுக்கும் மூலையில் பெயின்ட் கொட்டியதுபோலப் பச்சை ஆடை கட்டியிருந்தால் அது நீலப்பச்சைப் பாசி, அதை வாளியால் மொண்டு வெளியேற்றுங்கள். கால்வாயில் கடல் ஏறும் நேரம் பார்த்து நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றலாம், ஆனால் கடலில் பூங்கோரை இருக்கும் நாளில் வேண்டாம். வடிக்கும் தண்ணீர் பக்கத்துக் கண்மாய்க்கோ வயலுக்கோ போகக் கூடாது. உப்பு ஏறிய நிலத்துக்கு நீங்கள் பதில் சொல்ல முடியாது.

சுண்ணாம்பு போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சுட்ட சுண்ணாம்பு இப்போது வேண்டவே வேண்டாம். பச்சைக் குளத்தில் மதியம் பி.எச்., அதாவது தண்ணீரின் காரத்தைக் காட்டும் அளவு, ஏற்கெனவே 9-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும், சுட்ட சுண்ணாம்பு அதை இன்னும் ஏற்றும். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் அமோனியா சேரும். பி.எச். 7-ல் அந்த மொத்த அமோனியாவில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, 9-ல் மூன்றில் ஒரு பங்கு. தண்ணீர் கொஞ்சம் நிதானப்பட்ட பிறகு விவசாயச் சுண்ணாம்பு அல்லது டோலமைட் ஏக்கருக்கு 50 கிலோ போட்டால் பி.எச். அவ்வளவாக ஆடாது. அமோனியாவை உறிஞ்சும் என்று ஜியோலைட் கல்தூள் விற்க வருவார்கள். உப்புத் தண்ணீரில் அது அமோனியாவைப் பிடிப்பது சொற்பம், அந்த இடத்தை உப்பின் சோடியமே நிரப்பிக்கொள்ளும். கழிவைத் தின்னும் நல்ல பாக்டீரியா என்று விற்கும் புரோபயாடிக்கில் எனக்குப் பகை இல்லை, ஆனால் தீனியைக் குறைக்காமல் அதைக் கொட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

இனி, பாசி எவ்வளவு அடர்த்தி என்று பார்க்க ஒரு கருவி. பழைய பெயின்ட் டப்பா மூடி, குறுக்களவு 20 செ.மீ. இருந்தால் சரி. நாலு பாகமாக வகுத்து எதிரெதிர்ப் பாகத்துக்குக் கறுப்பும் வெள்ளையும் அடியுங்கள். நடுவில் துளையிட்டுக் கயிறு கட்டி, அடியில் ஒரு கல், கயிற்றில் பத்து செ.மீ.க்கு ஒரு முடிச்சு. காலை பத்து, பதினொரு மணிக்கு, வெயில் முதுகில் விழும்படி நின்று இறக்குங்கள். மூடி கண்ணை விட்டு மறைகிற ஆழம் 25-லிருந்து 40 செ.மீ.க்குள் இருந்தால் குளம் நன்றாக இருக்கிறது. 20-க்குக் கீழே என்றால் அன்றைக்குத் தீனி பாதி. உங்கள் குளத்தில் இப்போது 15 கூட இருக்காது என்று நினைக்கிறேன். படிப்படியாக ஏறினால் நல்லது. ஒரே நாளில் 60-க்குப் போய்த் தண்ணீர் பழுப்பாகி நுரை கட்டினால் பாசி மொத்தமாக மடிந்துவிட்டது என்று பொருள், அன்று இன்ஜினைப் பகலிலும் நிறுத்தாதீர்கள்.

ஆக்சிஜனும் பி.எச்.சும் அளக்கும் டெஸ்ட் கிட் வாங்கும்வரை விடியலில் குளக்கரையில் நின்று பலமாகக் கைதட்டுங்கள். மேலே வந்த மீன் சட்டென்று கீழே போனால் இன்னும் நேரம் இருக்கிறது. தட்டியும் அசையாமல் வாயைப் பிளந்தபடியே நின்றால் உடனே தண்ணீர் மாற்ற வேண்டும்.

ஐந்து நாள் விடியல் ஆக்சிஜன், காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் பி.எச்., மூடி மறையும் ஆழம் ஆகிய மூன்றையும் குறித்து அனுப்புங்கள், தீனியை எவ்வளவுக்கு ஏற்றலாம் என்று சொல்கிறேன். அதற்குள் 300 கிராம் மீனுக்கு விலை கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்து விற்றுவிடலாம், குளத்துக்குப் பாரம் குறையும். வலை போடுவது மட்டும் காலை பத்து மணிக்கு மேல் இருக்கட்டும். விடியலில் வலை இழுத்தால் அடிச் சேறும் கலங்கும், மீனும் திணறும்.