டாட்டூ: முன்பணம் கொடுப்பதற்கு முன்பும், தோல் உரிந்து முடியும் வரையும்

கேள்வி: முன்கையில அம்மா பேர் குத்தணும்ங்க. ரெண்டு கடையில விசாரிச்சேன். ஒருத்தர் கேட்ட ரேட்டில் பாதிதான் இன்னொருத்தர் கேக்கறார். ரெண்டு பேர் ஆல்பமும் நல்லாத்தான் இருக்கு. எதை வெச்சு முடிவு பண்றதுங்க? (திருப்பூர்)

பதில்: ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, வேலை நடக்கும் மேஜையைப் பாருங்கள். பாதி விலைக்குக் குத்துகிறவர் எதில் மிச்சம் பிடிக்கிறார் என்பது அங்கேதான் தெரியும். ஊசி, கையுறை, மை ஊற்றும் குட்டிக் கிண்ணம், ரேசர், மெஷினையும் ஒயரையும் சுற்றும் பிளாஸ்டிக் உறை எல்லாமே ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். அடுத்த ஆள் வந்தால் குப்பைக்குப் போக வேண்டியவை. ஊசி மட்டும் குப்பைக்கூடைக்குப் போகாமல் மூடியுள்ள கெட்டி டப்பாவுக்குள் போக வேண்டும்.

ஊசிக் கவரை உங்கள் கண்முன்னால்தான் கிழிக்க வேண்டும். கிழிக்கும் முன் கையில் வாங்கி லாட் எண்ணையும் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்) காலாவதித் தேதியையும் படியுங்கள். இப்போது பல கடைகளில் கார்ட்ரிட்ஜ் ஊசிதான், அதாவது சின்னக் குப்பிக்குள் பொருத்தி வரும் ஊசி. அதற்குள் சவ்வு இருக்கிறதா என்று கேளுங்கள். சவ்வு இல்லாவிட்டால் மையும் ரத்தமும் பின்னோக்கி மெஷினுக்குள் ஏறும். அதன்பின் புது ஊசி மாட்டினாலும் பழைய ஆளின் ரத்தம் உள்ளேதான் இருக்கும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி பரவும் வழி இது. கழுவித் திரும்பப் பயன்படுத்தும் ஸ்டீல் கிரிப் (மெஷினின் கைப்பிடி) என்றால் பையில் போட்டு ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில், 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்த பையில் நிறம் மாறிய பட்டை தெரியும். நீல விளக்கு எரியும் யூவி பெட்டியைக் காட்டி ‘ஸ்டெரிலைஸ் பண்ணியாச்சு’ என்றால் நம்ப வேண்டாம். ஒளி படாத இடுக்கில் கிருமி அப்படியே இருக்கும். கிருமிநாசினித் தண்ணீரில் ஊற வைப்பதும் போதாது.

பலர் கேட்க மறப்பது தண்ணீரைப் பற்றி. சாம்பல் நிற ஷேடிங்குக்குக் கறுப்பு மையில் தண்ணீர் கலப்பார்கள். அது கிருமி நீக்கிய தண்ணீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூடாது. 2011-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 19 பேருக்கு டாட்டூவில் மைக்கோபாக்டீரியம் என்ற கிருமி தொற்றியது. முன்கூட்டியே கலந்து விற்ற சாம்பல் மைதான் காரணம். அதைத் தயாரித்தவர் டிஸ்டில்டு வாட்டரைத்தான் ஊற்றியிருந்தார். இப்படிக் காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பு இருக்காது, ஆனால் கிருமி இருக்கலாம்.

இதையெல்லாம் கேட்டதும் முகம் சுளிக்கிற கடைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சதுர அங்குலக் கணக்குன்னாங்க. மயிலிறகு ஒண்ணுக்கு 24 சதுர அங்குலம்னு பில் போட்டாங்க. இது சரிங்களா? (ஈரோடு)

பதில்: இறகைச் சாய்வாக வைத்து, அதைச் சுற்றி 6-க்கு 4 என்று கட்டம் போட்டிருப்பார்கள். அதே இறகை நேராக வைத்து அளந்தால் நீளம் 7, அகலம் ஒன்றரை. பத்தரை சதுர அங்குலம்தான். கட்டக் கணக்கா, மை ஏறும் இடத்தின் கணக்கா என்பதை ஸ்டென்சில் (டிசைனைத் தோலில் பதிக்கும் தாள்) ஒட்டும் முன்பே பேசி, தொகையை எழுதி வாங்க வேண்டும். கலருக்குத் தனி ரேட்டா, குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு, ஆறியபின் மை விட்டுப்போன இடத்தை நிரப்பித் தருவது இலவசமா, எத்தனை மாதத்துக்குள் வர வேண்டும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். முன்பணம் எந்தச் சூழ்நிலையில் திரும்பக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தமிழ் எழுத்துக் குத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிசைன் சாஃப்ட்வேரில் தமிழை ஒட்டும்போது சில ஃபான்ட்டுகளில் ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறிவிடும், புள்ளி காணாமல் போகும். ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டியதும் போட்டோ எடுத்து, வீட்டில் நன்றாகத் தமிழ் படிப்பவர் இருவருக்கு அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகு ஊசி இறங்கட்டும். எப்படியும் ஸ்டென்சில் காய 10, 15 நிமிடம் ஆகும். அந்த நேரம் போதும். ண, ஐ, இ போன்ற சுழி எழுத்துகளைப் பொடியாகக் குத்தாதீர்கள். வருடம் போகப் போகக் கோடு தடித்து, சுழி அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: வலி தாங்க மாட்டேன். மரத்துப்போற கிரீம் நானே மெடிக்கல்ல வாங்கித் தடவிட்டுப் போலாமுங்களா? (பொள்ளாச்சி)

பதில்: லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் 2.5 சதவீதம் கலந்த கிரீமைத்தான் சொல்கிறீர்கள். சின்ன இடத்துக்கு, டாக்டரிடம் கேட்டு, குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன் போடலாம். டாட்டூ கலைஞரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முழுக் கைக்கும் தடவி பிளாஸ்டிக் சுற்றினால் மருந்து அதிகமாக ரத்தத்தில் கலந்து, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறையும், இதயத் துடிப்பும் தடுமாறும். பாதி குத்திய பச்சைப் புண்ணில் தடவவே கூடாது.

வலியைக் குறைக்க இதைவிட எளிய வழி, முதல்நாள் நன்றாகத் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவது. வெறும் வயிற்றில் போகிறவர்கள்தான் நாற்காலியிலேயே மயங்குகிறார்கள். முந்தைய 24 மணி நேரம் மது கூடாது. ரத்தக் கசிவு அதிகமாகும், மை சரியாக நிற்காது. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தள்ளிப் போடுங்கள். காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு புடைத்து வளர்ந்திருந்தால் உங்களுடையது கீலாய்டு தோல், டாட்டூவே வேண்டாம்.

கேள்வி: பையன் தோள்பட்டையில குத்திட்டு வந்துட்டான். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைச்சுப் போடலாம்னு பாக்கறேன். பனியன் கம்பெனிக்கு வேற நாளைக்கே போகணும்ங்கறான். (கோபி)

பதில்: மஞ்சள் வேண்டாம்ங்க. எவ்வளவு சுத்தமாக அரைத்தாலும் அது கிருமி நீக்கிய தூள் அல்ல. திறந்த புண்ணில் ஒட்டிப் பொருக்குக் கட்டும். அந்தப் பொருக்கு பெயர்ந்தால் மையும் சேர்ந்து வரும். டாட்டூ என்பது ஆயிரக்கணக்கான ஊசித் துளைகள் கொண்ட சிராய்ப்பு. அதற்கு வேண்டியது சோப்பும் தண்ணீரும் கொஞ்சம் ஈரப்பதமும்தான்.

கடையில் சாதாரண பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தால் 2 முதல் 4 மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாசனையில்லாத சோப்பின் நுரையை உள்ளங்கையால் மெல்லத் தடவி, வழவழப்பு போகும்வரை அலசுங்கள். நார், ஸ்பாஞ்ச் எதுவும் வேண்டாம். துண்டால் துடைக்காமல் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி, 10 நிமிடம் காற்றில் ஆறவிட்டு, வாசனையில்லாத மாய்ஸ்சரைசரைத் தோல் மினுங்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். ஒரு நாளைக்கு 2 அல்லது 3 தடவை போதும். அப்பினால் புண் ஊறிப்போகும்; பெட்ரோலியம் ஜெல்லியை அள்ளிப் பூசி வீணானவை ஏராளம். முதல் ஓரிரு நாள் மை கலந்த நீர் கசியும், படுக்கை விரிப்பில் கறை படும், பயப்பட வேண்டாம். நாலாம் நாள் வாக்கில் மெல்லிய செதில்கள் உரியும், அரிக்கும். சொறியக் கூடாது, செதிலைப் பிய்க்கவும் கூடாது.

‘செகண்ட் ஸ்கின்’ என்ற ஒட்டும் பிலிம் போட்டிருந்தால் கலைஞர் சொன்ன நாள்வரை விடலாம். ஓரம் பிரிந்து தண்ணீர் புகுந்தாலோ, பிலிமுக்கு அடியில் கொப்புளமும் அரிப்பும் வந்தாலோ அன்றே வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு உரித்துவிடுங்கள்.

கம்பெனி விஷயத்தில் அவசரம் வேண்டாம். கட்டிங்கிலும் நிட்டிங்கிலும் பறக்கும் பஞ்சு ஈரப் புண்ணில் வந்து ஒட்டும்; எடுக்கப் போனால் தோலோடு வரும். நாலைந்து நாள் லீவு கேட்கட்டும். முடியாவிட்டால் தளர்வான பருத்திச் சட்டை போட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் கழுவ வேண்டும். சாயப்பட்டறையில் நிற்பவராக இருந்தால் தோல் மூடும்வரை அந்த இடத்துக்கே போகக் கூடாது.

அரிப்புக்கென்று மெடிக்கலில் தரும் ஸ்டீராய்டு கலந்த கிரீமை வாங்கிவிடாதீர்கள். புண் ஆறுவதைத் தள்ளிப்போடும், தொற்று இருந்தால் அதை மறைத்து வளர்க்கும்.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறோம். மூணு வாரம் முன்ன கெண்டைக்கால்ல வேல் குத்திக்கலாமுங்களா? (தாராபுரம்)

பதில்: போய் வந்த பிறகு குத்துங்கள். முழங்காலுக்குக் கீழே ஆறுவது மெதுவாக இருக்கும். நாள் முழுக்க நடந்தால் வீங்கும். மூன்று வாரத்தில் மேல்தோல் மூடியதுபோல் தெரிந்தாலும் உள்ளே ஆற இரண்டு மூன்று மாதம் ஆகும். ரோட்டுப் புழுதி, வெயில், சண்முகநதிக் குளியல் மூன்றும் ஒன்றாகச் சேருவது நல்லதல்ல. கிணற்றுக் குளியலுக்கும் பவானி கூடுதுறைக்கும் குறைந்தது நான்கு வாரம் பொறுங்கள். முழுதாக ஆறியபின் வெயிலில் போகும்போது எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போட்டால் கறுப்பு மங்காமல் நிற்கும்.

கேள்வி: ஊர் நோம்பியில் கடை போட்டு உடனே காயற கறுப்பு மருதாணி வைக்கிறாங்க. பாப்பாவுக்கு வைக்கலாமா? (அந்தியூர்)

பதில்: வேண்டாம். அசல் மருதாணி கறுப்பாகச் சிவக்காது. கறுப்புக்காகச் சேர்ப்பது தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம். தோல் கொப்புளித்துத் தழும்பாகலாம்; பிற்காலத்தில் தலைக்குச் சாயம் போட்டாலும் ஒவ்வாமை வரலாம். அதே வரிசையில் ஒரே ஊசியில் பச்சை குத்தும் கடை இருந்தால் அதையும் தாண்டிப் போங்கள்.

கேள்வி: டாட்டூ இருந்தா ரத்தம் குடுக்க முடியாதா? மிலிட்டரிக்குப் போக முடியாதா? (கோபி)

பதில்: ரத்ததானத்துக்கு, குத்திய நாளிலிருந்து 12 மாதம் காத்திருக்க வேண்டும். ராணுவமும் துணை ராணுவப் படைகளும் எந்த இடத்தில், என்ன அளவில் அனுமதி என்பதை ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே சொல்லும். அதைப் படிக்கும் முன் குத்த வேண்டாம்.

கேள்வி: கோயமுத்தூர்ல குத்தி ஒரு மாசம் ஆச்சு. ஷேடிங் பண்ணின இடத்துல மட்டும் சின்னச் சின்னக் கட்டி. கடையில கேட்டா ‘உங்க ஸ்கின் அப்படி’ங்கறாங்க. நான் ஒப்புதல் படிவத்துல கையெழுத்து வேற போட்டுக் குடுத்திருக்கேன். (பவானி)

பதில்: முதலில் தோல் மருத்துவரிடம் போங்கள். சாம்பல் நிறம் உள்ள இடத்தில் மட்டும், வாரக்கணக்கு கழித்து வரும் கட்டி மேலே சொன்ன மைக்கோபாக்டீரியமாக இருக்கலாம். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண ஆண்டிபயாடிக்குக்கு இது கட்டுப்படாது, மாதக்கணக்கில் மருந்து வேண்டியிருக்கும். சிவப்பு மை இருக்கும் இடத்தில் மட்டும் புடைத்து அரித்தால் பெரும்பாலும் ஒவ்வாமை. சூடு, பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டதாலேயே கடைக்காரரின் கவனக்குறைவு இல்லாமல் போய்விடாது. பில், பணம் அனுப்பிய விவரம், தேதியோடு எடுத்த போட்டோக்கள், மருத்துவச் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். எந்த மை, என்ன லாட் எண் என்று கடையிடம் எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவைக்கு அலைய வேண்டியதில்லை, ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.