மூன்ஸ்டோனில் ஒளி ஏன் ஓரத்துக்கு ஓடுகிறது?

கேள்வி: காங்கேயத்தில் மூன்ஸ்டோன் ரஃப் (அறுக்காத கல்) கொஞ்சம் வாங்கி வந்து வீட்டிலேயே கபோஷான் (அடி தட்டை, மேலே குமிழ் வடிவக் கல்) செய்து பார்க்கிறேன். 18×13 மி.மீ. அளவில் நான்கு செய்தாயிற்று. மூன்றில் ஒளி நடுவில் நிற்காமல் ஓரத்தில் போய் ஒதுங்குகிறது. நான்காவது கல், தேய்ப்பதற்குப் பிடியாகக் குச்சியில் அரக்கு வைத்து ஒட்டும்போதே இரண்டாகப் பிளந்துவிட்டது. செரியம் ஆக்சைடு பாலிஷ் பொடியில் ஒரு மணி நேரம் தேய்த்தும் கல்லின் முகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள், கூடவே கீறல்கள். என்னிடம் இருப்பது ஆங்கிள் கிரைண்டரும் 220, 600, 1200 வாட்டர் பேப்பரும்தான். எங்கே தவறுகிறேன்? (கரூர் வாசகர்)

பதில்: மூன்று குறைகள் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றுமே பாலிஷ் போடுவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. அதனால் செரியம் ஆக்சைடைக் குறை சொல்ல வேண்டாம். இன்னும் ஒரு மணி நேரம் தேய்த்தாலும் இதே கல்தான் பளபளப்பாகத் தெரியும்.

முதலில் ஒளி. மூன்ஸ்டோன், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூமிக்குள் மெல்ல ஆறும்போது அதிலுள்ள பொட்டாசியம் வகையும் சோடியம் வகையும் பிரிந்து, அடுக்கு அடுக்காகப் படிகின்றன. பரோட்டாவின் அடுக்குபோல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியவை. இந்த அடுக்குகளில் பட்டுச் சிதறி வருவதுதான் நிலா ஒளி. அடுக்கு மிக மெல்லியதாக இருந்தால் ஒளி நீலமாகவும், தடித்திருந்தால் வெள்ளையாகவும் இருக்கும். இலங்கையின் மீட்டியாகொட கல் நீலத்துக்குப் பெயர் போனது. நம் பக்கத்துக் கல் பெரும்பாலும் வெள்ளி ஒளிதான். உடல் நிறம் சாம்பல், பழுப்பு என்று மாறும்.

அடுக்குகள் ஒரே திசையில் படுத்திருப்பதால் ஒளியும் ஒரே திசையில்தான் திரும்பி வரும். கபோஷானின் அடிப்பாகம் அந்த அடுக்குக்கு இணையாக இருந்தால் ஒளி உச்சியில் நிற்கும். சாய்ந்திருந்தால் சாய்ந்த பக்கம் ஓடும். நீங்கள் கல்லின் வடிவத்தைப் பார்த்து, எந்தப் பக்கம் அகலமோ அதை அடியாக வைத்து அறுத்திருப்பீர்கள். தொடக்கத்தில் எல்லாரும் செய்வது இதுதான். இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. ரஃபில் கண்ணாடிபோல் வழவழவென்று பிளந்த முகம் இருக்குமே, அதைப் பார்த்தால் “இதுதான் அடி” என்று தோன்றும். அது பிளவுத்தளம், அதாவது கல் இயல்பாகப் பிளக்கும் தளம். ஃபெல்ட்ஸ்பாரில் ஏறத்தாழ செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு பிளவுத்தளங்கள் உண்டு. ஒளி தரும் அடுக்கு இந்த இரண்டோடும் சேராது, அவற்றைக் குறுக்கே வெட்டிப் போகும். ஆகவே பிளவு முகத்தை அடியாக வைத்தால் ஒளி கட்டாயம் தப்பும்.

சரியான திசையை இப்படித் தேடுங்கள். இருட்டறையில் ஒரே ஒரு விளக்கு போதும். டியூப்லைட் உதவாது, செல்போன் டார்ச் நல்லது. கல்லை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சை உங்கள் நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் பிடித்து, கல்லைக் கை நீளத்தில் வைத்து எல்லாப் பக்கமும் மெல்லச் சுழற்றுங்கள். ஒளி குபுக்கென்று எழும் பக்கம் ஒன்று வரும். நேர் எதிர்ப்பக்கத்திலும் வரும். அந்த இடத்தில் அலுமினியக் கம்பியின் கூர்நுனியால் குறியிடுங்கள். பென்சிலும் சாதா மார்க்கரும் தண்ணீரில் போய்விடும், அலுமினியக் கோடு நிற்கும்.

இதோடு அறுக்கப் போய்விடாதீர்கள். கரடுமுரடான மேற்பரப்பு ஒளியை வளைத்து ஏமாற்றும். குறியிட்ட இடத்தில் 220 தாளில் ஒரு ரூபாய் நாணயத்தின் பாதி அளவுக்குச் சமதளமாகத் தேய்த்து, நனைத்து, மறுபடி பாருங்கள். அந்தச் சிறு ஜன்னலை நேருக்கு நேர் பார்க்கும்போது ஒளி முழுதாக எழுந்தால் திசை சரி. கல்லைச் சாய்த்தால்தான் எழுகிறது என்றால், எந்தப் பக்கம் சாய்த்தீர்களோ அதற்கேற்ப ஜன்னலைத் திருத்துங்கள். இங்கே ஒரு கணக்கு: கல்லுக்குள் 10 பாகை பிசகினால், ஒளிவிலகலால் வெளியே அது 15 பாகை பிசகாகத் தெரியும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் சாய்வில் மூன்றில் இரண்டு பங்குதான் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். திருத்தி முடித்த ஜன்னல்தான் இனி உங்கள் அளவுகோல். அறுப்பு அதற்கு இணையாக வர வேண்டும்.

அறுப்பு என்றதும் ஆங்கிள் கிரைண்டருக்கு வருவோம். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று ஓடும். அந்த வேகமும் அதிர்வும் சூடும் கிரானைட்டுக்குப் பரவாயில்லை. மூன்ஸ்டோனில் பிளவுத்தளங்களை உள்ளேயே திறந்துவிடும். இப்போது தெரியாது, பிறகு குழியாக வெளிவரும். ஒளிக்கு ஏற்ப அறுத்தால் பிளவுத்தளங்கள் கல்லுக்குள் செங்குத்தாக நிற்கும் என்பதால் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. தண்ணீர்த் தொட்டி உள்ள சிறிய டைல் கட்டரும் இடைவெளியில்லாத விளிம்புள்ள வைரத் தகடும் வேலையைச் சரியாகச் செய்யும். விளிம்பில் பற்கள் வெட்டிய தகடு வேண்டாம், அது கல்லைக் குத்தும். ஒன்றிரண்டு கல்லுக்காக மெஷின் வாங்குவது வீண். ஜன்னலை நீங்களே திருத்தி, அறுக்க வேண்டிய கோட்டைக் கல்லைச் சுற்றிலும் போட்டு, காங்கேயம் பட்டறை ஒன்றில் கொடுத்து 8 மி.மீ. பலகையாக அறுத்து வாங்கிவிடலாம். “இந்தக் கோட்டுக்கு இணையாக மட்டும்” என்று அழுத்திச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், கல் எந்த வாட்டத்தில் அதிகம் தேறுமோ அந்த வாட்டத்தில் அறுத்துத் தந்துவிடுவார்கள். அது அவர்கள் பழக்கம்.

உலர்ந்த அறுப்பு மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். ரஃபோடு ஒட்டி வருவது குவார்ட்ஸ் என்ற படிகக்கல். அதன் தூசு நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். குஜராத்தின் காம்பாத்தில் அகேட் கல் தேய்க்கும் தொழிலாளர்களை இந்த நோய் வாட்டுவது பலரும் அறிந்தது. முகக்கவசம் தண்ணீருக்கு மாற்றாகாது, இரண்டும் வேண்டும். தரையில் காய்ந்த சேற்றைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சேற்று நீரைச் சிங்க்கில் கொட்டினால் குழாய்க்குள் சிமெண்டுபோல் இறுகும். வாளியில் தெளியவிட்டுக் கொட்டுங்கள். மின்சாரமும் தண்ணீரும் ஒரே மேசையில் இருப்பதால், அந்த இணைப்பில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது.

பிளந்த கல்

அரக்கு பிடிக்க வேண்டுமென்றால் கல்லும் சூடாக வேண்டும். ஸ்பிரிட் விளக்கில் நேராகக் காட்டினால் ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் விரியாது. பிளவுத்தளம் உள்ள கல் அங்கேயே விட்டுக்கொடுத்துவிடும். அகேட்டுக்கு அரக்கு பழுதில்லை. மூன்ஸ்டோனுக்குச் சூடே இல்லாமல் ஒட்டுவது நல்லது. 8 முதல் 10 மி.மீ. தடிமனும் 10 செ.மீ. நீளமும் உள்ள மரக்குச்சியின் நுனியைச் சமமாகத் தேய்த்து, கல்லின் அடியை 220இல் லேசாகச் சொரசொரப்பாக்கி, இரண்டையும் சோப்பு நீரில் கழுவி, ஒட்டும் இடத்தில் கைபடாமல் காயவைத்து, ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி பசையால் ஒட்டுங்கள். இறுகிவிட்டது என்று உடனே வேலை தொடங்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். ஃபெவிக்விக்கும் பிடிக்கும், ஆனால் நீண்ட நேரம் ஈரத்தில் இருந்தால் விட்டுவிடும். கழற்ற, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள், காலையில் கல் தானாக உதிரும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், அடுப்படியில் வைக்க வேண்டாம். ஃப்ரீசரில் வைத்துக் கழற்றும் வழியையும் பலர் சொல்வார்கள். மூன்ஸ்டோனுக்குக் குளிரின் அதிர்ச்சியும் சூட்டின் அதிர்ச்சி மாதிரிதான்.

ரஃப் வாங்கும்போதே டார்ச்சைக் கல்லுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். நடுக்கோடும் அதன் இருபுறமும் கால்களுமாகப் பூரான் ஊர்வதுபோல் விரிசல்கள் தெரிந்தால் அது மூன்ஸ்டோனின் கைரேகை. கல் அசல் என்பதற்கு நல்ல சாட்சி, அறுப்பதற்குக் கெட்ட செய்தி. பூரான் இல்லாத பகுதியில் கபோஷானைப் பொருத்துங்கள். நேர் வெளிச்சத்தில் நீலமாகவும் பின்வெளிச்சத்தில் ஆரஞ்சாகவும் தெரிந்து, உள்ளே குமிழிகளும் இருந்தால் அது ஓபலைட் என்ற கண்ணாடி.

குழியும் கீறலும்

தாளின் எண் கூடக் கூடத் துகள் நுண்ணியதாகும். உங்கள் 220, 600, 1200 வரிசையில் முதல் தாவல் பெரிது. 220இன் கீறலை 600 எடுப்பதற்குள் கை சலித்துவிடும். நடுவில் 400 வேண்டும், முடிவில் 2000 வேண்டும். தாளின் பின்புறத்தையும் பாருங்கள். எண்ணுக்கு முன் ‘பி’ என்ற எழுத்து இருந்தால் அது ஐரோப்பிய அளவு. பி 1200இன் துகள் சுமார் 15 மைக்ரான், இது பழைய அமெரிக்க அளவில் 600க்குச் சமம். ஒரே எண் என்று நினைத்து இரண்டையும் கலந்தால் வரிசை பின்னோக்கிப் போகும். ஒரே வகையில் முழு வரிசையையும் வாங்குங்கள்.

வடிவம் கொண்டுவர 80, 100 தாள்களைத் தொடாதீர்கள். முரட்டுத் துகள் பிளவுத்தளத்தில் மாட்டினால் சிறு சிறு செதிலாகப் பிடுங்கும். நீங்கள் பார்க்கும் ஊசிக்குத்துக் குழிகள் அவைதாம். சிலர் 2,800 சுற்று பெஞ்ச் கிரைண்டரில் பச்சை நிறச் சாணைச் சக்கரம் போட்டுத் தேய்ப்பார்கள். அப்படிச் செய்தால் சக்கரம் ஓடும்போது மட்டும் தண்ணீர் சொட்டட்டும். நிறுத்தும் முன் சொட்டை நிறுத்தி, இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். நின்ற சக்கரத்தில் தண்ணீர் கீழ்ப்பக்கம் ஊறித் தங்கும். அடுத்த முறை போட்டவுடன் சமநிலை தவறி உடையக்கூடும்.

கையால் தேய்ப்பவருக்குப் பழைய ஹவாய் செருப்பின் ரப்பரைவிட நல்ல மெத்தை இல்லை. வாட்டர் பேப்பரை அதில் ஒட்டுங்கள். கல்லின் வளைவுக்குக் கொஞ்சம் இணங்கும், பஞ்சுபோல் முழுக்க அமுங்காது. முதலில் பக்கவாட்டில் 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்கு நேர்ச்சுவர் விட்டு, அதற்கு மேலே சுற்றிலும் 45 பாகைச் சரிவு. பிறகு அந்தச் சரிவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மழுக்கி வளைவாக்குங்கள். மூன்ஸ்டோனுக்கு உயர்ந்த குமிழ் வேண்டும்: 13 மி.மீ. அகலத்துக்கு 6 முதல் 7 மி.மீ. உயரம். தட்டையாக விட்டால் ஒளி பரவி மங்கும். அடியின் விளிம்பிலும் அரை மி.மீ. சாய்வு கொடுங்கள், கூராக விட்டால் செதில் கழன்றுவரும்.

ஒவ்வொரு தாளிலும் தேய்க்கும் திசையை முந்தையதற்குக் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய திசைக் கீறல் ஒன்றுகூட இல்லாதபோதுதான் அடுத்த தாள். இதை ஈரத்தில் தீர்மானிக்கவே கூடாது. தண்ணீர் கீறலை நிரப்பி மறைக்கும். துடைத்துக் காயவைத்து, 10 மடங்கு லென்ஸில், விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். முக்கியமாக உச்சியைப் பாருங்கள். கை இயல்பாகப் பக்கங்களையே தேய்க்கும், 220இன் கீறல் உச்சியில்தான் உயிரோடு இருக்கும். தண்ணீரில் அழியாத மார்க்கரால் கல் முழுவதும் மை பூசிவிட்டுத் தேய்த்தால், தாள் படாத இடம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். தாள் மாற்றும்போது கல், குச்சி, கை, நகக்கண் எல்லாவற்றையும் கழுவி, பாத்திரத்துத் தண்ணீரையும் மாற்றுங்கள். 1200 தாளில் திடீரென ஒரே ஒரு நீண்ட கீறல் விழுந்தால், அது 220இலிருந்து தப்பி வந்த ஒரு துகளின் வேலை.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் 2000 முடிவில் கல் காய்ந்த நிலையிலேயே மெழுகுபோல் மின்னும். பாலிஷ் அதன் பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம்தான். கண்ணாடி, முகம்பார்க்கும் கண்ணாடி வேலை செய்பவர்களிடம் கிடைக்கும் செரியம் ஆக்சைடு ஒரு மேசைக்கரண்டியை 100 மி.லி. நீரில் கரைத்து, ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) அல்லது தோலில் பூசுங்கள். ஃபெல்ட் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. சற்று காய்ந்து கல்லைப் பிடித்து இழுப்பதுபோல் தோன்றும் நொடியில்தான் பாலிஷ் ஏறும். சூடு ஏறுவதும் அப்போதுதான். பத்து விநாடிக்கு ஒருமுறை கல்லைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டினால் நிறுத்துங்கள். நகைக்குப் போடும் ரூஜ் என்ற சிவப்புப் பாலிஷ் வேண்டாம், விரிசலுக்குள் போய்த் தங்கிவிடும்.

ரஃபை வாங்காமல் நீங்களே பொறுக்கப் போவதாக இருந்தால் நிலத்துக்காரர் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கொடுமணல் போன்ற தொல்லியல் இடங்களில் ஒரு கல்லையும் எடுக்க வேண்டாம். நொய்யல் கரையில் இருக்கும் அந்த ஊர் பழங்காலக் கல்மணிப் பட்டறை. துளையிட்டதோ பாதி தேய்த்ததோ கண்ணில் பட்டால் அது ரஃப் அல்ல, தொல்பொருள்.

உங்கள் கையில் உள்ள மூன்று கற்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒளி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். கல்லுக்குள் இருக்கும் 15 பாகைச் சாய்வைத் திருத்த, அடியை ஆப்புபோல் தேய்க்க வேண்டும். ஒளி அகல வாட்டத்தில் ஓடினால் 13 மி.மீ.க்கு ஒரு பக்கம் சுமார் 3.5 மி.மீ. கரையும், கல் 14×10 அளவுக்குச் சுருங்கினாலும் தேறிவிடும். நீள வாட்டத்தில் ஓடினால் ஒரு முனையில் கிட்டத்தட்ட 5 மி.மீ. போகும், உயரமே மிஞ்சாது. அதை இரண்டாக அறுத்துச் சிறு வட்டக் கற்களாக்குங்கள். பிளந்த நான்காவது கல்லின் ஒரு பாதியை எடுத்து 400இலிருந்து புதிய வரிசையை முதலில் ஓட்டிப் பாருங்கள். குழி மறைகிறதா, ஆழமாக இறங்குகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். இறங்கினால் அந்த ரஃபில் பிளவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. மிச்சத்தையும் டார்ச்சில் பார்த்துக் கழித்துவிடுங்கள்.