அம்மாவுக்கு அனுப்பிய காசுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா?

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். பதினான்கு வயதில் பருத்தித்துறையை விட்டு மாமா குடும்பத்தோடு நெதர்லாந்து போனவர், அந்நாட்டுக் குடியுரிமை உள்ளவர். கணவர் ஜெர்மன் குடியுரிமை உள்ள தமிழர், 2013 முதல் லண்டனில் இருக்கிறார், செட்டில்ட் ஸ்டேட்டஸ் (ஐரோப்பியக் குடிமக்களுக்கான நிரந்தர வதிவிட உரிமை) உண்டு. வாசகி 2019 ஒக்டோபரில் வந்து ப்ரீ-செட்டில்ட் (அதற்கு முந்திய தற்காலிக வதிவிட உரிமை) எடுத்தார். 2020 மார்ச்சில் சுகமில்லாத மாமியைப் பார்க்க நெதர்லாந்து போனவர், கொரோனாவில் மாட்டிக்கொண்டு நவம்பரில்தான் திரும்பினார். 2021 இல் லண்டனில் மகள் பிறந்தாள். அம்மா இன்னும் பருத்தித்துறையில், தனியாக.

"செய்தியைத் திறந்தாலே பயமாக இருக்கிறது. ஒரு கட்சி வதிவிட உரிமையையே எடுத்துவிடுவோம் என்கிறது, அரசாங்கம் பத்து வருடம் என்கிறது. அந்த எட்டு மாதத்தால் எனக்குப் பிரச்சினை வருமா? அம்மாவைக் கூப்பிட முடியுமா? பிரித்தானியக் குடியுரிமை எடுத்துவிட்டால் நிம்மதியா?" என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் பயத்தைப் பற்றிப் பேசுவோம். மற்ற மூன்று கேள்விகளையும் நீங்கள் அந்தப் பயத்துக்குள் நின்றுதான் கேட்கிறீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகுவதா என்ற 2016 ஜூன் 23 வாக்கெடுப்பு முடிந்த கையோடு இங்கே இருந்த ஐரோப்பியக் குடிமக்களுக்கு வந்த பயம் நியாயமானது. அன்று அவர்கள் கையில் எழுத்தில் எதுவும் இல்லை. "யாரையும் அனுப்ப மாட்டோம்" என்று அமைச்சர்கள் வாயால் சொன்னார்கள். 2017 மார்ச்சில் பிரபுக்கள் சபை அதைச் சட்டத்திலேயே எழுதச் சொல்லி 358 க்கு 256 என்ற வாக்கில் திருத்தம் கொண்டுவந்தது. இரண்டு கிழமைக்குள் மக்கள் சபை அதைத் தூக்கி எறிந்தது. அந்தக் காலத்தில் சூட்கேஸைக் கட்டி வைத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் கையில் இருப்பது வேறு. பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் கையெழுத்திட்ட விலகல் உடன்படிக்கையின் இரண்டாம் பாகம் முழுவதும் உங்களைப் போன்றவர்களைப் பற்றியதுதான். 2020 டிசம்பர் 31 க்கு முன் இங்கே சட்டப்படி வாழ்ந்தவர், நிபந்தனைகளைத் தொடர்ந்து நிறைவு செய்யும் வரை, இந்த உரிமைகளை வாழ்நாள் முழுவதும் அனுபவிக்கலாம் என்கிறது 39 ஆம் உறுப்புரை. இது பிரித்தானியச் சட்டத்துக்குள்ளும் நேரடியாகச் செல்லும். ஐரோப்பாவில் வாழும் பிரித்தானியர்களின் உரிமைகளும் இதே உடன்படிக்கையில்தான் இருக்கின்றன. இங்கே ஒரு கை வைத்தால் அங்கே அவர்களுக்கு அடி விழும் என்பது எல்லாக் கட்சிக்கும் தெரியும்.

2025 செப்டம்பரில் ரிஃபோர்ம் யூகே கட்சி நிரந்தர வதிவிட உரிமையை ஒழிப்போம் என்று அறிவித்தபோது, செட்டில்ட் ஸ்டேட்டஸ் உள்ள ஐரோப்பியக் குடிமக்களுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. நிரந்தர வதிவிடத்துக்குக் காத்திருக்கும் காலம் "ஐந்து வருடம் பத்தாகும்" என்று நவம்பரில் அரசு முன்வைத்த திட்டத்திலிருந்தும் உங்கள் வகையினர் விலக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு நாடாளுமன்றம் ஒருநாள் உடன்படிக்கையையே மீறத் துணியாது என்று நான் எழுதித் தர முடியாது. ஆனால் அதை ஓர் அமைச்சரின் அறிக்கையால் செய்துவிட முடியாது. வெளிப்படையாகச் சட்டம் இயற்ற வேண்டும், நீதிமன்றம் வரும், ஐரோப்பிய ஒன்றியமும் சும்மா இருக்காது.

நீதிமன்றம் என்று வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. ப்ரீ-செட்டில்ட் உள்ளவர் ஐந்து வருடத்துக்குள் மறுபடி விண்ணப்பிக்காவிட்டால் உரிமை தானாகப் போய்விடும் என்றுதான் உள்துறை அமைச்சு முதலில் வைத்திருந்தது. குடிமக்கள் உரிமையைக் கண்காணிக்கவென்றே ஒரு சுயாதீன அமைப்பு சுவான்சியில் இருக்கிறது. அது அரசையே மேல் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2022 டிசம்பரில் அந்த விதி சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. அதனால்தான் உங்கள் ப்ரீ-செட்டில்ட் காலம் நீங்கள் கேட்காமலே நீட்டப்பட்டு மின்னஞ்சல் வந்திருக்கும். "திகதி முடியப் போகிறதே" என்று வேலைத்தலத்தில் யாராவது கேட்டால் பதற வேண்டாம். வேலைக்குச் சேரும்போது சரியாகச் சரிபார்த்திருந்தால் மறுபடி சரிபார்க்கத் தேவையில்லை.

சரி, அந்த எட்டு மாதம். பழைய விதி: ஐந்து வருடத் தொடர் வதிவில், எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. முக்கிய காரணம் இருந்தால் ஒரேயொரு தடவை பன்னிரண்டு மாதம் வரை போகலாம், அந்தக் காரணங்களில் கொரோனாவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அப்படிப் பார்த்தால் உங்கள் கணக்கு 2019 ஒக்டோபரிலிருந்தே ஓடுகிறது. காரணத்தை ஏற்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 2020 நவம்பரில் நீங்கள் திரும்பிவிட்டீர்கள், டிசம்பர் 31 க்கு முன். அந்த நாளிலிருந்து எண்ணினாலும் ஐந்து வருடம் 2025 நவம்பரில் நிறைந்துவிட்டது. இது எதுவுமே வேண்டாம் என்றாலும் 2025 ஜூலை 16 முதல் புதிய வழி இருக்கிறது: ப்ரீ-செட்டில்ட் உள்ளவர் கடைசி அறுபது மாதத்தில் மொத்தம் முப்பது மாதம் இங்கே இருந்தாலே செட்டில்டுக்குத் தகுதி. எப்படிக் கூட்டினாலும் நீங்கள் தேறுகிறீர்கள். வருடக்கணக்கில் தூக்கம் கெட்டது இந்த எட்டு மாதத்துக்காக என்று எழுதியிருந்தீர்களே, அதை இன்றோடு விடுங்கள்.

ஆனால் காத்திருக்காதீர்கள். 2025 ஜனவரி முதல் அமைச்சு வரிப் பதிவுகளைப் பார்த்துச் சிலரைத் தானாகவே செட்டில்டுக்கு மாற்றுகிறது. இயந்திரம் பார்ப்பது சம்பளத்தையும் அரசு உதவிப் பணத்தையும்தான். பிள்ளை பிறந்து வீட்டில் இருந்த வருடங்கள் அதன் கண்ணில் படாமல் போகலாம். நம் பெண்களில் எத்தனையோ பேர் இப்படி விடுபடுகிறார்கள். வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் பில், கரண்ட் பில் எல்லாம் கணவன் பெயரில் இருக்கும். மனைவி அந்த வீட்டில் இருந்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. உங்களுக்கும் அப்படியென்றால் மகளின் சிவப்புப் புத்தகத்தை (குழந்தையின் சுகாதாரப் பதிவேடு) எடுத்து, தடுப்பூசி போட்ட திகதிகளைக் குறித்துக்கொண்டு குடும்ப வைத்தியரான ஜீபியிடம் போங்கள். எந்தத் திகதியிலிருந்து பதிவு, எந்தெந்த நாளில் நேரில் வந்தீர்கள் என்று ஒரு கடிதம் கேளுங்கள். அந்த ஒரு கடிதம் பத்து பில்லுக்குச் சமம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. முதலில் 65 பவுண்ட் வைக்கப் பார்த்தார்கள், 2019 ஜனவரியில் கைவிட்டார்கள். யாராவது "ஃபீஸ்" என்று பணம் கேட்டால், அவர் குடிவரவு ஆலோசனை அதிகார சபையில் பதிவு செய்தவரா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் ஸ்டேட்டஸ் காகிதத்தில் இல்லை, இணையத்திலுள்ள ஈ-விசா கணக்கில் இருக்கிறது. நெதர்லாந்துக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் அன்றைக்கே அந்தக் கணக்கில் புதிய இலக்கத்தைச் சேருங்கள். என்னிடம் வந்த ஒரு தாய் இதைச் செய்யாமல் ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது விமான நிறுவனத்தின் கவுண்டரில் புதுக் கடவுச்சீட்டை ஸ்கேன் பண்ணினால் திரையில் ஒன்றும் வரவில்லை. கணக்கைத் திறந்து காட்டலாம் என்றால், உள்நுழையும் குறியீடு வரும் தொலைபேசி இலக்கமும் பழையது, அந்த சிம் எப்போதோ போய்விட்டது. விமானம் போனது, அவர் விமான நிலையத்தில் நின்றார். உரிமை இருந்தும் காட்ட முடியவில்லை. இலக்கம், மின்னஞ்சல், கடவுச்சீட்டு மூன்றையும் இன்று இரவே பார்த்துவிடுங்கள்.

இனி அம்மா. நல்ல செய்தி: முடியும். உடன்படிக்கையின் கீழ் ஸ்டேட்டஸ் உள்ளவரின் பெற்றோர், அவரில் தங்கி வாழ்பவராக இருந்தால், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் வரலாம். 2020 டிசம்பர் 31 க்கு முன்பே உறவு இருந்திருக்க வேண்டும். தாய், மகள் உறவுக்கு அதில் சிக்கல் இல்லை. கணவரின் பெற்றோருக்கும் இதே வழி பொருந்தும். குடும்ப அனுமதிக்குக் கட்டணம் இல்லை, சுகாதாரக் கூடுதல் கட்டணமும் இல்லை. கொழும்பில் கைரேகை கொடுத்து அனுமதி வந்ததும் இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் ஸ்டேட்டஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இதன் அருமை தெரிய, பிரித்தானியக் குடிமக்களுக்கான சாதாரண வழியைப் பாருங்கள். அங்கே பெற்றோர் அன்றாடக் காரியங்களைக்கூடத் தனியாகச் செய்ய முடியாத நிலையில் இருக்க வேண்டும். அந்தப் பராமரிப்பு ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். பத்துப் பேர் போட்டால் ஒன்பது பேரிடம் நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உங்களுடைய வழியில் நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான்: அம்மாவின் சாப்பாடு, மருந்து, கரண்ட் போன்ற அடிப்படைத் தேவைகள் உங்கள் பணத்தால்தான் நடக்கின்றன என்பது. 2021 ஜூன் 30 க்கு முன் இதைக் கேட்காமலே ஏற்றுக்கொண்டார்கள், இப்போது சான்று வேண்டும். இங்கேதான் நம்மவர்களின் வழக்கு விழுகிறது. மாதாமாதம் தவறாமல் அனுப்பியிருப்பார்கள், உண்டியல் என்னும் கடைவழிப் பணமாற்றில். ஹாரோக் கடையில் நூறு பவுண்ட் கொடுத்தால் பின்னேரம் பருத்தித்துறையில் அம்மா கையில் ரூபாய். வேகமாக, நம்பிக்கையாக, ஒரு தடமும் இல்லாமல். பதினைந்து வருடம் அம்மாவைக் காப்பாற்றிய மகள், அதிகாரியின் கோப்பில் ஒரு சதமும் அனுப்பாத மகள்.

இந்த மாதத்திலிருந்து வங்கியாலோ பதிவு செய்த பணமாற்று நிறுவனத்தாலோ மட்டும் அனுப்புங்கள், உங்கள் பெயரிலிருந்து அம்மாவின் பெயருக்கு. அண்ணன் பெயருக்கு அனுப்பி அவர் கொடுப்பது வேண்டாம். அப்புறம் அம்மாவின் பக்கம்: வங்கிப் புத்தகப் பிரதி, மருந்துக்கடைப் பற்றுச்சீட்டு, மின்சாரப் பில், மாதச் செலவுக் கணக்கு. ஓய்வூதியமோ காணி வருமானமோ இருந்தால் மறைக்க வேண்டாம். அது தேவைக்குப் போதவில்லை என்று கணக்கில் காட்டினால் போதும். மறைத்தது தெரிந்தால் உண்மையான பகுதியையும் நம்பமாட்டார்கள். உண்டியலில் அனுப்பிய பழைய காலத்துக்கு, திகதியோடு உள்ள வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் சேருங்கள். அவை துணைச் சான்று மட்டுமே.

குடியுரிமை விஷயத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நெதர்லாந்துக்காரர் தானாக விரும்பி வேறு குடியுரிமை எடுத்தால், நெதர்லாந்துக் குடியுரிமை தானாகவே போய்விடும் என்பதுதான் பொதுவிதி. கடிதம் கூட வராது, போனது போனதுதான். இதைத் தெரியாமல் பிரித்தானிய உறுதிமொழி எடுத்துவிட்டு, பிள்ளையை ரொட்டர்டாமில் படிக்க வைக்க ஆசைப்பட்டபோதுதான் அறிந்தவர்கள் உண்டு.

விதிவிலக்கு ஒன்று உங்கள் வீட்டிலேயே கிடைக்கும். யாருடைய நாட்டுக் குடியுரிமையை எடுக்கிறீர்களோ, அந்த நாட்டவரை நீங்கள் மணந்திருந்தால் நெதர்லாந்துக் குடியுரிமை தங்கும். ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே முதலில் கணவர் பிரித்தானியராகட்டும், அவர் ஜெர்மனியை இழக்க மாட்டார். அதற்குப் பிறகு நீங்கள், பிரித்தானியரின் மனைவியாக. வரிசை மாறினால் இழப்பு. இதைச் செய்வதற்கு முன் லண்டனிலுள்ள நெதர்லாந்துத் தூதரகத்திடம் உங்கள் நிலைமையைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரட்டைக் குடியுரிமை வந்த பின் பதின்மூன்று வருடத்துக்குள் ஒரு தடவையாவது நெதர்லாந்துக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள். டென்மார்க்கிலிருந்து வந்தவர்களுக்கு 2015 முதலும், நோர்வேயிலிருந்து வந்தவர்களுக்கு 2020 முதலும் இந்தச் சிக்கல் இல்லை. பிரான்சும் இப்போது தடுப்பதில்லை.

பிரித்தானியரானால் அம்மாவைக் கூப்பிடும் உரிமை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். ஐரோப்பியக் குடிமகளாக வந்து, உரிமையைப் பயன்படுத்தி வாழ்ந்து, பிறகு பிரித்தானியரானவரின் குடும்ப உரிமை தொடரும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அம்மாவின் விண்ணப்பத்தை முதலில் முடிப்பது நல்லது, கோப்பு எளிமையாக இருக்கும்.

மகளுக்கு ஸ்டேட்டஸ் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவள் பிறந்தபோது தகப்பனிடம் செட்டில்ட் இருந்தது, எனவே பிறப்பிலேயே பிரித்தானியர். ஸ்டேட்டஸ் தேவையில்லை, பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்தால் போதும். 2026 பெப்ரவரி 25 முதல் இரட்டைக் குடியுரிமை உள்ள பிரித்தானியர் நெதர்லாந்துக் கடவுச்சீட்டை மட்டும் காட்டி விமானம் ஏற முடியாமல் போகலாம். கோடை விடுமுறைக்கு முன் செய்துவிடுங்கள்.

கடிதத்தின் அடியில் பென்சிலால் "தம்பியையும் கூப்பிடலாமா?" என்று எழுதியிருந்தீர்கள். முடியாது. பெற்றோர், பாட்டன் பாட்டி, துணை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்ற நேர்வழி உறவுகளுக்குத்தான் இந்தக் கதவு திறந்திருக்கிறது. சகோதரருக்கு, 2020 க்குள் பழைய ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் ஆவணம் கேட்டிருந்தாலொழிய, வழியில்லை. யாராவது காசு வாங்கிக்கொண்டு முடியும் என்று சொன்னால், தம்பிக்காகக் கொடுக்கப் போகும் அந்தக் காசை அம்மாவின் பெயருக்கு வங்கியில் அனுப்புங்கள்.