பில்லைத் தின்பது ஃப்ரிட்ஜ் இல்லை, சூடு

தம்பி, வெளிநாடு வந்து முதல் குளிர்காலத்திலேயே கரண்ட் பில் இரண்டு மடங்காகிவிட்டது, ஃப்ரிட்ஜை மாற்றவா, எந்த டிவி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். டிவியை விடுங்கள். ஃப்ரிட்ஜும் ஒழுங்காக இருந்தால் நாளைக்கு ஒரு யூனிட் அளவுதான். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மட்டும் மாற்றுங்கள்.

உங்கள் பணம் போவது சூடாக்குவதில். 2000 வாட் ஹீட்டர் இடைவிடாமல் ஓடினால் மணிக்கு 2 யூனிட். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 16. ஆயில் ஹீட்டர் சிக்கனம் என்று இங்கே பழகிய நம்மவர்களே அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஆயிலோ, ஃபேனோ, 2000 வாட் தருவது ஒரே அளவு சூடுதான். ஆயில் மெதுவாக ஆறும், அவ்வளவே. ஹீட் பம்ப் ஏசி மட்டும் வேறு ரகம்: வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இழுத்துவருவதால் ஒரு யூனிட் வாங்கி மூன்று யூனிட் அளவுக்குச் சூடு தரும், கடுங்குளிரில் கொஞ்சம் குறையும். எந்த ஹீட்டரானாலும் சுருட்டிவைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாதீர்கள், வயர் உருகும்.

அடுத்தது வெந்நீர்த் தொட்டி. 100 லிட்டரை 40 டிகிரி ஏற்றவே சுமார் 4.7 யூனிட் வேண்டும். குளிப்பதற்கு முன்னால் மட்டும் ஓடும்படி டைமர் போடுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று தொட்டியின் சூட்டை 45-க்கு இறக்கிவைக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. வெதுவெதுப்பில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். 60 டிகிரியில் இருக்கட்டும்.

டிரையர் பழைய வகையென்றால் ஒரு லோடுக்கு 3 முதல் 5 யூனிட் வரை போகும். முதலில் வாஷிங் மெஷினில் துணி பிழியும் சுழற்சியை நிமிடத்துக்கு 1200 சுற்றுக்கு மேல் வையுங்கள், ஈரம் குறைந்தால் டிரையருக்கு வேலை குறையும். டிரையரின் பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடையுங்கள், அடைத்துக்கொண்டால் நேரம் இழுக்கும். அறைக்குள் காயப்போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள், இல்லாவிட்டால் சுவரெல்லாம் பூஞ்சை.

போன் சார்ஜரைப் பிடுங்கிப் பிடுங்கி வைப்பதெல்லாம் வீண் வேலை. ஐம்பது முறை சார்ஜ் செய்தாலும் ஒரு யூனிட்தான் ஆகும்.

குடிவந்த அன்று மீட்டரைப் படம் எடுத்தீர்களா? பில்லில் இருப்பது உத்தேச ரீடிங்காக இருந்தால் முந்தைய ஆளின் யூனிட்டும் உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். இன்றைய ரீடிங்கை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். பிறகு வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரையே பாருங்கள். இன்னும் ஓடுகிறதா? நேராக வயர் இழுத்த வெந்நீர்த் தொட்டியாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் மாடிப்படி விளக்கு உங்கள் மீட்டரில் எரிகிறதா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள்.