விறகுக்கு எந்த மிஷின் வாங்கலாம்? செயின்சா பற்றிக் கேள்வி பதில்

டெல்டாவில் செயின்சா, அதாவது பல் வைத்த செயின் ஓடி மரம் அறுக்கும் மிஷின், வீட்டுச் சாமான் ஆனது கஜாவுக்குப் பிறகுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. கோடாரியை வைத்துக்கொண்டு யாராலும் சமாளிக்க முடியவில்லை. அப்போது அவசரத்தில் வாங்கிய மிஷின்கள் பல இன்றைக்கு பம்புசெட் கொட்டகை மூலையில் கிடக்கின்றன. புதிதாக வாங்கப் போகிறவர்களும் பழையதை ஓட்டப் பார்க்கிறவர்களும் பட்டறையில் என்னிடம் கேட்டவை இவை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: அண்ணே, 58 சிசி, 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்ட மிஷின் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. கம்பெனி மிஷின் 32 சிசிதான், விலை மட்டும் இரண்டு மூன்று மடங்கு. சீமைக்கருவேல் விறகுக்கும் வீட்டு வேலைக்கும் எதை வாங்குவது?

ஒதி பெருத்தால் உத்திரத்துக்கு ஆகுமா தம்பி? சிசியைப் பார்த்து மிஷின் வாங்குவது அந்தக் கதைதான். மலிவு மிஷின்களில் ஒட்டியிருக்கும் சிசி எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. சக்தி எத்தனை கிலோவாட் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மிஷினை நான் ஒரு படி கீழேதான் வைப்பேன்.

விறகுக்கும் தோப்பு வேலைக்கும் 30 முதல் 45 சிசி தாராளம். ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 180 வெறும் 31.8 சிசி. அதன் அண்ணன் எம்எஸ் 250 வந்து 45.4 சிசி. ஹஸ்க்வர்னாவிலும் இதே வரிசையில் மிஷின் உண்டு. தொடை பருமன் கருவேலுக்குச் சின்னதே போதும். புளி, வாகை, வைரம் பாய்ந்த வேம்பு என்று அடிக்கடி அறுப்பவர் பெரியதை எடுக்கலாம். பார் நீளம் சின்னதற்கு 14 அல்லது 16 இன்ச், பெரியதற்கு 16 அல்லது 18. 22 இன்ச் பாரைப் பார்த்து மயங்காதீர்கள். நீளம் கூடக் கூட இஞ்சினுக்கு இழுவை கூடும், அரம் போடவேண்டிய பல்லும் கூடும், முனை எங்கே படுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். 16 இன்ச் பாரை வைத்தே இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் இரண்டடிக்கு மேற்பட்ட கட்டையும் துண்டாகும்.

மலிவு மிஷினைக் குப்பை என்று தள்ளிவிட மாட்டேன். அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. 52, 58 சிசி மிஷின்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காரும், விலையும் குறைவு. வருஷத்துக்கு நாலைந்து நாள் மட்டும் ஓட்டுகிறவர், பக்கத்தில் கை தேர்ந்த மெக்கானிக் இருக்கிறவர் வாங்கலாம். அதில் முதலில் தகராறு செய்வது ஆயில் பம்பும் கார்புரேட்டரும். பயப்படவேண்டியது, ஓடும் செயினை அந்தக் கணமே நிறுத்தவேண்டிய செயின் பிரேக்குக்கு. கம்பெனி மிஷினில் அதிர்வு குறைவு, ஸ்டார்ட் ஆவது சுலபம், ஆனால் பாகத்துக்கு டீலரிடம்தான் போகவேண்டும். அதனால் விலை பேசுவதற்கு முன்னால் கடையில் இதைக் கேளுங்கள்: செயின், பார், ஸ்ப்ராக்கெட், கார்புரேட்டர் கிட், இவை இன்றைக்குக் கடையில் இருக்கிறதா? 'சொன்னால் வரவழைத்துத் தருகிறோம்' என்றால், எந்த கம்பெனியாக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போங்கள். மன்னார்குடி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் சர்வீஸ் இருக்கிற மிஷின்தான் உங்களுக்கு நல்ல மிஷின்.

பேராவூரணியிலிருந்து: தென்னை அறுத்தால் அரை மணி நேரத்தில் செயின் மழுங்கிவிடுகிறது. மட்டமான செயினா?

செயின் மேல் பழி போடாதீர்கள். தென்னை, மற்ற மரம் மாதிரி இல்லை. வெளி வட்டம் இறுகிய நார், நடுப்பகுதி சோறு. அந்த நாரிலேயே மணல்சத்து இருக்கிறது, அதுதான் பல்லைத் தின்கிறது. சாய்ந்து கிடக்கும் மரமென்றால் அடிப்பக்கம் சேறும் ஒட்டியிருக்கும். அறுக்கும் இடத்தை மட்டுமாவது அரிவாளால் செதுக்கிவிட்டு அல்லது தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு பாரை வையுங்கள். நம் களிமண் காய்ந்தால் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டையை அறுத்து முடிக்கும்போது பார் தரையைத் தொட்டால் அதோடு அந்தக் கூர் போயிற்று. அடியில் இரண்டு மட்டையையோ கழியையோ போட்டுத் தூக்கி வையுங்கள்.

இன்னொன்று, தென்னை நார் சுருண்டு கிளட்ச் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். டேங்க் தீரும்போதெல்லாம் மூடியைக் கழற்றி, ஆயில் வரும் துளையைக் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் பார் சூடேறி நீலம் பாய்ந்து வளைந்துவிடும்.

பாபநாசத்திலிருந்து: செயின் மழுங்கியது எப்படித் தெரியும்? நாமே அரம் போடலாமா, கடையில் கொடுப்பதா?

விழுகிற தூளைப் பாருங்கள். கூராக இருந்தால் சீவல் சீவலாகக் கொட்டும். மழுங்கினால் மாவாகப் பறக்கும், மிஷினை அழுத்தவேண்டி வரும், அறுப்பு வாயிலிருந்து கருகல் வாடை வரும். அப்போதே நிறுத்த வேண்டும். எத்தனை பேர் அழுத்தி அழுத்தியே இஞ்சினைக் கொன்றிருக்கிறார்கள் தெரியுமா!

அரம் நீங்களே போடலாம், போடத்தான் வேண்டும். முதலில் சரியான உருட்டு அரம். சின்ன மிஷின்களில் வரும் லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர், பாயின்ட் 325 (கண்ணி அளவு, இன்ச் கணக்கில்) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர். எந்தச் செயின் என்பது பாரின் அடியில் குத்தியிருக்கும். ஒரு கட்டையில் வெட்டுப் போட்டு பாரை அதில் செருகி அசையாமல் நிறுத்துங்கள். மிகவும் தேய்ந்த பல் எது என்று பார்த்து அதிலிருந்து தொடங்குங்கள், மற்றவற்றை அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான செயின்களுக்குக் கோணம் 30 டிகிரி. பல்லின் மேல்தட்டில் சாய்வாக ஒரு கோடு இருந்தால் அரத்தை அதற்கு இணையாகப் பிடித்தால் போதும். உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அரமும் போகும், பல்லும் போகும். ஒரு பக்கத்துப் பல் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, எதிர்ப் பக்கம் நின்று மற்றதை. ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணிக்கைத் தள்ளு. இதில் ஏமாற்றினால் மிஷின் காட்டிக்கொடுத்துவிடும்: அறுப்பு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும்.

பல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அது ஒரு கடிக்கு எவ்வளவு மரம் என்பதை அளக்கிறது. சாதாரணமாகப் பல்லின் முனையைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். நாலைந்து முறை அரம் போட்ட பிறகு ஒரு தடவை தட்டை அரத்தால் அதையும் இறக்க வேண்டும். வேகமாக அறுக்கட்டும் என்று அதிகமாக இறக்கினால் மிஷின் கையைப் பிடுங்கும். அளவுத் தகடு கடையில் கிடைக்கும், கண்ணளவில் செய்யாதீர்கள்.

வேப்பமரத்தில் துணிக்கொடி கட்டிய ஆணியில் மோதிப் பல் உடைந்ததென்றால் மட்டும் கடைக்குக் கொண்டு போங்கள். சாலையோர மரத்தைத் தொடுவதற்கு முன்னால் விளம்பரப் பலகை அடித்த ஆணியையும் தேடிவிடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி: சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறோம் அண்ணா. விறகு வாடியிலிருந்து சவுக்கும் புளியும் பெரிய கட்டையாக வருகிறது. கொட்டகையிலேயே துண்டு போட பெட்ரோல் மிஷின் வேண்டுமா?

வேண்டாம்மா. ஒரே இடத்தில் வேலை, கரண்ட் இருக்கிறது. 2000 வாட் கரண்ட் மிஷின், 16 இன்ச் பார் போதும். புகை இல்லை, கயிறு இழுக்கிற வேலை இல்லை. அது 9 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். மிக்ஸிக்குப் போடும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் வயர் சூடேறும், மிஷின் திணறும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராகப் போடச் சொல்லுங்கள். மழையிலும் ஈரத்தரையிலும் ஓட்டவே கூடாது. தச்சரிடம் சொல்லிப் பெருக்கல் குறி மாதிரி கால் வைத்த ஒரு தாங்கி செய்துகொண்டால் குனியாமல் அறுக்கலாம். பிளப்பதற்கு எப்போதும் கோடாரியும் ஆப்பும்தான். புளி முறுக்கிக்கொண்டு படுத்தும், அதை சின்னத் துண்டாக அறுத்துக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: கையில் இருக்கிற, இரும்பு அறுக்கும் கிரைண்டர் மிஷினில் மாட்டுகிற செயின் பார் விற்கிறார்களே, எப்படி?

வாங்காதீர்கள். 4 இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. அதில் செயின் பிரேக் கிடையாது, கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் முன்கைக் காப்பு கிடையாது. பல மாடல்களில் சுவிட்சைத் தள்ளிவிட்டால் நீங்களே அணைக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

வேதாரண்யத்திலிருந்து: வாங்கியபோது ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. ஆறு மாதம் கழித்து எடுத்தால் கை வலிக்க இழுத்தாலும் கிளம்பவில்லை.

டேங்க்கில் பெட்ரோலை விட்டுவைத்திருப்பீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். உங்கள் ஊர்க் கடற்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு விறைத்துப்போகும். கிட் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். இனிமேல் பெட்ரோலையும் 2டி ஆயிலையும் ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்து எடுத்து வைக்கும்போது டேங்க்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

கலவை எவ்வளவு என்பதை மிஷின் புத்தகம்தான் சொல்ல வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. பைக்குக்கு ஊற்றும் 4டி ஆயிலை இதில் ஊற்றக் கூடாது.

திருவையாறிலிருந்து: செயினுக்கு டிராக்டரில் வடித்த பழைய ஆயிலை ஊற்றலாமா?

எல்லோரும் ஊற்றுகிறார்கள், எல்லோர் ஆயில் பம்பும் சீக்கிரம் போகிறது. அதில் இரும்புத்தூள் இருக்கிறது. பார் ஆயில் கிடைக்காவிட்டால் புது இஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயிலும் அநேகமாகத் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை என்றால் எங்கோ அடைப்பு.

நீடாமங்கலத்திலிருந்து: பழைய மிஷின் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்ப்பது?

உங்கள் எதிரில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டால் செயின் நிற்க வேண்டும். வேகமாக ஓடும்போது முன்கைக் காப்பை முன்னே தள்ளினால் பிரேக் பிடித்து செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பாரின் மேல்முனை எதிலாவது பட்டால் மிஷின் உங்கள் முகத்துக்குத் துள்ளும், அந்த நேரத்தில் காப்பாற்றுவது அந்த பிரேக் ஒன்றுதான்.

அணைக்கரையிலிருந்து: படுகையில் என் பட்டாவில் நிற்கும் பனை இரண்டும், கரையோரத்துப் பூவரசு ஒன்றும் அறுக்க வேண்டும்.

பனைக்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அரசு அறிவித்தது. பட்டா நிலமாக இருந்தாலும் முதலில் விஏஓவிடம் கேளுங்கள். ஆற்றங்கரை மரம் அரசு மரம், உங்கள் வரப்பை ஒட்டி நின்றாலும் தொடாதீர்கள்.

முத்துப்பேட்டையிலிருந்து: அடுத்த புயல் வந்தால் சாய்ந்த மரத்தை நாங்களே அறுக்கலாம் என்றிருக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

ஒயர் தொட்டுக்கொண்டிருக்கும் மரத்தை மின்வாரிய ஆள் வந்து லைனை நிறுத்தும் வரை நெருங்காதீர்கள். அப்புறம் கட்டை எதில் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் தாங்கி நடு தொங்கினால், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து முடியுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் இருந்தால் தலைகீழ்: முதலில் கீழிருந்து, பிறகு மேலிருந்து. மாற்றிச் செய்தால் பார் இறுகிக்கொள்ளும், மிஷினை அங்கேயே விட்டுவிட்டு ஆப்பு தேடி ஓட வேண்டும்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும், பாரம் குறைந்து வேர்க்கட்டை மறுபடி குழிக்குள் நிமிர்ந்து விழக்கூடும். பிள்ளைகள் அந்தக் குழியில் இறங்கி நிற்காமல் பார்த்துக்கொள்ள, மிஷின் ஓடும் நேரம் முழுக்க ஒரு ஆளைத் தனியாக நிறுத்துங்கள். காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ஷூ கட்டாயம். லுங்கியோடு வந்தால் எங்கள் பட்டறையில் மிஷினை ஓட்டிக்கூடக் காட்ட மாட்டோம்.